நோர்வே கடவுச்சீட்டோடு கொக்குவிலில் ஓய்வுக்காலம்: எந்த விசா சரி?

கொக்குவில் மருமகன்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 66 வயது, மனைவிக்கு 62. நான் 1987இல் நோர்வே போனேன். பேர்கனில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து போன வருடம் ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் இருவரும் ஒஸ்லோவில் குடும்பமாக இருக்கிறார்கள். நாங்கள் இருவரும் நோர்வே பிரசைகள்.

இப்போது யாழ்ப்பாணம் கொக்குவிலில், மனைவியின் சீதன வீட்டில் இருந்து எழுதுகிறேன். வந்து இரண்டு மாதமாகிறது. முதல் 30 நாள் விசா முடிந்து நீடிப்பும் எடுத்தாயிற்று. காலையில் கிணற்றடியில் முகம் கழுவும்போது, மிச்சக் காலத்தை இங்கேயே கழிக்கவேண்டும் என்ற எண்ணம் ஒவ்வொரு நாளும் வருகிறது. ஆனால் விசா முடியும் திகதி நாட்காட்டியில் சிவப்பு வட்டமாக நிற்கிறது. பிறந்த ஊரில் இருக்க நாள் எண்ணுவது மனதுக்குப் பாரமாக இருக்கிறது.

ஓய்வு பெற்றவர்களுக்கென்று இரண்டு வருட விசா இருக்கிறதாம். சிலர் இரட்டைக் குடியுரிமை எடு என்கிறார்கள். மச்சான் ஒருவர், ஆஸ்பத்திரி வசதிக்கு மலேசியாதான் சரி என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். எது முதல், எது பிறகு?

பனங்கூடல்:
வணக்கம் அண்ணை. நான் கனடாவில் இருந்து வந்து மானிப்பாயில் மூன்றாவது வருடம். நீங்கள் கேட்ட விசாவில்தான் தொடங்கினேன். அதன் பெயர் மை ட்ரீம் ஹோம். 55 வயது தாண்டிய வெளிநாட்டுப் பிரசைகளுக்கானது, இரண்டு வருடத்துக்குத் தருவார்கள், பிறகு புதுப்பிக்கலாம். நான் எடுத்தபோது இருந்த விதி: இலங்கை வங்கி ஒன்றில் 15,000 அமெரிக்க டொலர் நிலையான வைப்பு, அதோடு மாதம் 1,500 டொலர் வெளிநாட்டில் இருந்து வரவேண்டும். மனைவிக்கு மேலதிகமாக மாதம் 750. ஆகவே நீங்கள் இருவரும் என்றால் மாதம் 2,250 டொலர். விண்ணப்பிக்க முன்னம் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் இன்றைய தொகையை ஒருமுறை பாருங்கள்.

பலர் இதைக் கட்டணம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். இது உங்கள் காசு. மாதம் வரும் தொகையில்தான் நீங்கள் சாப்பிடுவீர்கள், கரண்ட் பில் கட்டுவீர்கள், கோயிலுக்குக் கொடுப்பீர்கள். வைப்பும் உங்கள் பெயரில்தான். ஒரு மாதமாவது வரவு தவறினால் புதுப்பிக்கும் நேரத்தில் கேள்வி வரும் என்பதால், ஓய்வூதியத்தை நேராக அந்தக் கணக்குக்கே விட்டேன். இந்த விசாவில் வேலை செய்ய முடியாது. நமக்கு அது தேவையும் இல்லை.

ஆனால் விசாவைப் பார்க்க முன்னம் ஓய்வூதியத்தின் விதியைப் பாருங்கள். நான் அதைப் பிந்தித்தான் பார்த்தேன். கனடாவில் 18 வயதுக்குப் பிறகு 20 வருடம் வாழ்ந்தவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் எந்த நாட்டிலும் வரும். 20 வருடம் இல்லாதவர்களுக்கு வெளியே ஆறு மாதம் கடந்தால் நின்றுவிடும். வருமானம் குறைந்தவர்களுக்குத் தரும் மேலதிகத் தொகையோ யாராக இருந்தாலும் ஆறு மாதத்தோடு சரி. ஒன்ராறியோ மருத்துவ அட்டைக்கு 12 மாதத்தில் 153 நாள் அங்கே நிற்கவேண்டும். என் கூட வந்த ஒருவர் மேலதிகத் தொகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வீட்டைத் திருத்தத் தொடங்கினார். ஏழாம் மாதம் தொகை பாதியாகக் குறைந்தது. கூரை அரைவாசியில் நிற்க அவர் திரும்பிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

கொக்குவில் மருமகன்:
நன்றி தம்பி. நோர்வே விதியைத் தேடிப் பார்த்தேன். அங்கே 20 வருடம் இருந்தவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் முழுதாக வெளிநாட்டுக்கு வரும், எனக்கு அதில் பிரச்சினை இல்லை. வரியாக 15 வீதம் அங்கேயே பிடிப்பார்கள். ஆனால் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலோ, தொடர்ந்து இரண்டு வருடம் வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலோ தேசியக் காப்புறுதி உறுப்புரிமை போய்விடும். அது போனால் அங்கத்தைய வைத்தியமும் போகும். மனைவி இந்த இடத்தில்தான் தயங்குகிறாள். அவளுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு இரண்டும் உண்டு.

வடலி:
அண்ணை, நான் லண்டனில் இருந்து எழுதுகிறேன். அடுத்த வருடம் ஓய்வு, நானும் இவரும் உரும்பிராய்க்கு வர யோசிக்கிறோம். பிரித்தானிய ஓய்வூதியக்காரர்கள் இந்த இழையைப் படித்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். அரச ஓய்வூதியம் இலங்கைக்கு வரும், ஆனால் உறைந்துபோகும். வருடா வருடம் அங்கே கூடும் தொகை இங்கே கூடாது. 2016 ஏப்ரலில் புதிய முழு ஓய்வூதியம் வாரம் 155.65 பவுண். 2025 ஏப்ரலில் அது 230.25 ஆனது. 2016இல் ஓய்வு பெற்றுக் கையோடு யாழ்ப்பாணம் வந்தவருக்கு இன்றும் 155.65தான். மலேசியாவும் தாய்லாந்தும் அப்படித்தான், கனடாவும் அப்படித்தான். உடன்படிக்கை உள்ள நாடுகளில் மட்டும் கூடும். பிலிப்பைன்ஸ் அதில் ஒன்று.

எங்கள் மாமா இதைத் தெரியாமல் வந்து வருடா வருடம் கடிதம் பார்த்துக்கொண்டிருந்தார். 75 வயதில் இருக்கும் செலவு 66இல் இல்லை. மருந்துச் செலவு ஏறும், வரவு நிற்கும். நாங்கள் அதற்காக ஒரு தனிச் சேமிப்பு ஒதுக்கிவிட்டுத்தான் வருவது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

பனங்கூடல்:
வடலி அக்கா சொன்னது பெறுமதியான தகவல். பிரான்ஸ்காரர்களுக்கும் ஒன்று: அங்கே முதியோருக்கான குறைந்தபட்ச உதவித்தொகை வாங்குபவர்கள் 2023 செப்டெம்பரில் இருந்து வருடத்தில் 9 மாதம் பிரான்சில் இருக்கவேண்டும். அந்தக் காசை நம்பி இங்கே வீடு கட்டாதீர்கள்.

சுன்னாகம் சந்தி:
நான் கொஞ்சம் உறுதியாகவே சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். இங்கே பிறந்தவனுக்கு ஓய்வு விசா என்னத்துக்கு? அது வெள்ளைக்காரருக்குப் பொருந்தும். நமக்கு இரட்டைக் குடியுரிமை இருக்கிறது. 55 வயது தாண்டியிருந்தால் வயது அடிப்படையிலேயே விண்ணப்பிக்கலாம், சொத்தோ பட்டமோ காட்டத் தேவையில்லை. ஒருமுறை கிடைத்தால் வைப்பு இல்லை, மாத வரவு இல்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அலைச்சல் இல்லை. அடையாள அட்டை எடுக்கலாம், காணி வாங்கலாம், விற்கலாம்.

முன்னம் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. நோர்வே இன்னொரு குடியுரிமையை ஏற்கவில்லை. 2020 ஜனவரியில் இருந்து ஏற்கிறது. டென்மார்க் 2015இல், ஜேர்மனி 2024 ஜூனில் திறந்தது. சுவிஸ் 1992இலேயே திறந்துவிட்டது. ஆகவே அங்கே இருப்பதை இழக்காமல் இங்கே எடுக்கலாம்.

நினைவிருக்கட்டும், இலங்கை 2011இல் இரட்டைக் குடியுரிமை வழங்குவதை நிறுத்தியது. 2015இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். அந்த நாலு வருடத்தில் காத்திருந்து, ஊர் மண்ணில் கண் மூடாமலே போனவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருவர். கதவு திறந்திருக்கும்போது உள்ளே போய்விடுங்கள்.

பனங்கூடல்:
சந்தி அண்ணை சொல்வதில் எனக்கு முக்கால்வாசி உடன்பாடு. கால்வாசி ஏன் இல்லை என்றால், இரட்டைக் குடியுரிமைக்கு நாள் எடுக்கும். மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை இங்கே இருக்க ஒரு விசா வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். முதலில் இரண்டு வருட விசா, அதில் இருந்துகொண்டே குடியுரிமைக்கு விண்ணப்பம். இரண்டாம் வருட முடிவில் குடியுரிமை கைக்கு வந்தது, வைப்பைத் திரும்ப எடுத்தேன்.

இன்னொன்று, அந்த இரண்டு வருடம் எங்களுக்கு ஒரு பரீட்சை. மனைவிக்கு இங்கே இருக்கப் பிடிக்கிறதா என்று உண்மையாகத் தெரிந்துகொண்டோம்.

கொக்குவில் மருமகன்:
நேற்றிரவு மனைவி அலுமாரிக்கு மேலே இருந்த பழைய பிஸ்கட் தகர டப்பாவை இறக்கினாள். மாமி போகும்வரை அதைத் தன் தலையணைக்குக் கீழே வைத்திருந்தவ. 1995 ஒக்டோபரில் போரால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் ஓடியபோதும் அந்த டப்பாவைத்தான் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கைதடிப் பாலம் கடந்தவ. உள்ளே எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, வீட்டு உறுதி, எனது பழைய இலங்கைக் கடவுச்சீட்டு எல்லாம் பொலித்தீனில் சுற்றிக் கிடந்தன. உறுதியின் ஓரத்தை மட்டும் கறையான் தொட்டிருக்கிறது.

அவற்றை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக நோர்வே கடவுச்சீட்டோடு ஒப்பிட்டோம். பிரச்சினை அங்கே தொடங்கியது. கலியாணப் பதிவின் ஆங்கிலப் பிரதியில் அப்பாவின் பெயர் 'திரு' என்று தொடங்கும் இடத்தில் 'டி'க்குப் பிறகு ஒரு 'எச்' இருக்கிறது. நோர்வேயில் பதியும்போது அந்த 'எச்' விடுபட்டிருக்கிறது. அதோடு அங்கே அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது, மனைவிக்கும் அதே குடும்பப் பெயர். இங்கே அவளுக்கு அவளின் அப்பாவின் பெயர். பார்ப்பவருக்கு நாலு வெவ்வேறு ஆட்கள் போலத் தெரியும். இதை எப்படிச் சரிக்கட்டுவது?

பனங்கூடல்:
எங்கள் எல்லோருக்கும் உள்ள பிரச்சினை இது, பதறாதீர்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடியுங்கள். பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுங்கள். மங்கிப்போன பழைய பிரதியைக் கொண்டுபோய் ஒரு அலுவலகத்தில் நான் திரும்பி வந்திருக்கிறேன். தமிழில் உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றுங்கள். மொழிபெயர்ப்பாளருக்குக் கடவுச்சீட்டைக் காட்டி, அதில் உள்ள எழுத்துக்கூட்டலையே பாவிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது எழுத்துக்கூட்டல் ஒன்று பிறக்கும்.

பொலிஸ் நற்சான்றை நோர்வேயில் இருந்து கடைசியாக எடுங்கள். மற்ற எல்லாம் கைக்கு வர முன்னம் எடுத்தால் அது பழசாகிவிடும்.

எங்கே கொடுப்பது என்றால், இரண்டு வேலைக்கும் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவுத் திணைக்களம்தான். யாழ். கச்சேரியில் (மாவட்டச் செயலகம்) 2025 செப்டெம்பரில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தார்கள். குடியுரிமை கிடைத்த பிறகு இலங்கைக் கடவுச்சீட்டு எடுக்க அது உதவும். வதிவிட விசாவுக்கும் குடியுரிமைக்கும் இரவு பஸ் ஏறவேண்டியதுதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் குடியுரிமைக்குத் தூதரகம் வழியாகவும் கொடுக்கலாம். ஒஸ்லோ தூதரகம் 2022இல் மூடப்பட்டது என்பதால், நீங்கள் இங்கே நிற்கும்போதே கொடுப்பது சுகம்.

தோம்புக்காரி:
ஐயா, நான் காணி உறுதி எழுதும் இடத்தில் பதினைந்து வருடம் வேலை செய்தவள். நீங்கள் 'சீதன வீடு' என்று சொன்னதால் எழுதுகிறேன்.

முதலாவது, நோர்வேப் பிரசையாகி இலங்கைக் குடியுரிமை போனதால் ஏற்கெனவே உங்கள் மனைவி பெயரில் உள்ள உறுதி செல்லாமல் போகாது. அந்தப் பயத்தை விடுங்கள். சீதனம் மனைவியின் சொத்து. ஆனால் தேசவழமைப்படி, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டப்படி, அதை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ கணவரின் சம்மதக் கையொப்பம் வேண்டும்.

இரண்டாவது, 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம். அதன்படி வெளிநாட்டுப் பிரசைக்குக் காணி விற்க முடியாது. விதிவிலக்குகளில் நமக்கு வேண்டியது ஒன்று: உரித்தான நெருங்கிய உறவுக்கு வழிவழியாகவோ, நன்கொடையாகவோ, மரணசாசனத்தாலோ போகும் காணிக்குத் தடை இல்லை. நோர்வேப் பிரசைகளான உங்கள் பிள்ளைகளுக்கு அம்மா அந்த வீட்டை நன்கொடை உறுதியால் எழுதலாம். ஆனால் பக்கத்து வளவை வாங்கிச் சேர்க்க ஆசைப்பட்டால் இப்போதைய நிலையில் முடியாது. இரட்டைக் குடியுரிமை கிடைத்தால் முடியும். வெளிநாட்டவர் தம் பெயரில் வாங்கக்கூடியது நாலாம் மாடியிலோ அதற்கு மேலோ உள்ள தொடர்மாடி வீடுதான், கொக்குவிலில் அதைத் தேடிப் பயனில்லை.

தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள். உறவினர் பெயரில் வாங்கி வைப்பது. காசு உங்களுடையது, உறுதி அவருடையது. நல்ல மனிதராகவே இருந்தாலும் அவர் போன பிறகு அவரின் பிள்ளைகளோடு கதைக்கவேண்டி வரும். அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போன வழக்குகள் எத்தனையோ எங்கள் மேசையைக் கடந்திருக்கின்றன.

உறுதியின் ஓரம் கறையான் அரித்திருக்கிறது என்கிறீர்கள். இன்றைக்கே காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி எடுக்க மனுக் கொடுங்கள். உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் வாசிக்கக்கூடியதாக இருந்தால் போதும்.

ஆனைக்கோட்டை:
மலேசியாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. என் பேரனார் மலாயா றெயில்வேயில் கிளாக்காக இருந்து பென்சனோடு ஊர் திரும்பியவர். அந்தக் காலத்தில் மலாயாவில் உழைத்து யாழ்ப்பாணத்தில் ஓய்வு. அவர் கட்டிய கல்வீட்டு விறாந்தையில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

கிள்ளானில் சொந்தம் இருப்பதால் நானும் விசாரித்தேன். மை செகண்ட் ஹோம் என்ற அவர்களின் நீண்டகால விசாத் திட்டத்தில் இப்போது வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று முக்கியமாக மூன்று படி. அந்த மூன்றில் குறைந்தது வெள்ளி: 150,000 அமெரிக்க டொலர் வைப்பு, அதோடு குறைந்தது 600,000 ரிங்கிட்டுக்கு வீடு வாங்கவேண்டும். தருவது ஐந்து வருடம். அனுமதி பெற்ற முகவர் மூலமாகத்தான் விண்ணப்பிக்க முடியும். ஒரு வருடம் கழித்து வைப்பில் பாதிவரை வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ எடுக்கலாம். நல்ல ஆஸ்பத்திரி, தமிழ்ச் சாப்பாடு, கோயில் எல்லாம் உண்மைதான். ஆனால் லண்டன் வீட்டை விற்றால்தான் அது எனக்குக் கட்டும்.

தாய்லாந்தில் தம்பி இருக்கிறான். 50 வயது தாண்டியிருக்கவேண்டும், வங்கியில் 800,000 பாத் அல்லது மாதம் 65,000 பாத் வருமானம். வருட நீடிப்புக்கு 1,900 பாத் கட்டணம். 90 நாளுக்கு ஒருமுறை இருக்கும் விலாசத்தைப் பதியவேண்டும். 2024இல் இருந்து வருடத்தில் 180 நாள் நிற்பவர்கள் வெளியில் இருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு வரியும் உண்டு. செலவு குறைவு, சந்தோசமாக இருக்கிறான். ஆனால் போன மாதம் காய்ச்சலில் படுத்தபோது, தனக்கு ரசம் வைத்துத்தர ஆள் இல்லை என்று வீடியோவில் அழுதான். நான் அதோடு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வல்லை வெளி:
நான் இங்கேயே இருந்தவள். வெளிநாடு போகவில்லை. முப்பத்திரண்டு வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றேன். தம்பி, உங்கள் மனைவியின் தயக்கத்தை முதலில் மதியுங்கள். நீரிழிவோடு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

போதனா வைத்தியசாலை இருக்கிறது, தெல்லிப்பழையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். கிளினிக்கில் காத்திருக்கவேண்டும். அவ பாவிக்கும் இன்சுலின் இங்கே அதே பெயரில் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதற்கு இணையானது எது என்று அங்கத்தைய வைத்தியரிடம் பொதுப்பெயரில் எழுதி வாங்குங்கள். மூன்று மாத மருந்து கையிருப்பு வைத்திருங்கள். கரண்ட் போனாலும் இன்சுலின் கெடாமல் வைக்க ஒரு வழி செய்யுங்கள்.

பெரும்பாலானோர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, இருபத்தைந்து நாளும் மனம் நிறைந்து, இங்கேயே இருந்துவிடுவோம் என்று முடிவெடுக்கிறார்கள். திருவிழாவை வைத்து முடிவெடுக்காதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஒருமுறை இருங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கும் சுவர் சுடும். கார்த்திகை மழையில் ஒழுங்கை வெள்ளத்தில் கிடக்கும்போது இருங்கள். அதோடு மழை விட்டதும் டெங்கு வரும். இவ்வளவும் பார்த்து அவ சரி என்றால் பிறகு பயமில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், மனதில் வைத்திருக்க முடியவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வீடு, அதில் நாலில்தான் விளக்கு எரிகிறது. மிச்சம் பூட்டிக் கிடக்கிறது. வருடம் ஒரு மாதம் வந்து திறந்துவிட்டுப் போவார்கள். இருவரும் சேர்ந்து இருக்கும் வரை சரி. ஒருவர் முந்திப் போனால் மற்றவர் தனித்துப்போவார். யார் வந்து பார்ப்பது என்று பிள்ளைகளோடு இப்போதே கதையுங்கள். நீங்கள் வந்தால் ஐந்தாவது விளக்கு எரியும் என்று ஆசைப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வடலி:
அக்கா, வாசித்துக் கண் கலங்கிவிட்டது. இவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நாங்கள் வைகாசியில் வருகிறோம்.

சுன்னாகம் சந்தி:
பனங்கூடல் சொன்ன ஒழுங்கை நானும் ஏற்கிறேன். விசாவில் இருந்துகொண்டே குடியுரிமைக்குக் கொடுப்பது நல்ல வழிதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: "உள்ளே ஆள் இருக்கிறது, மூன்று மாதத்தில் எடுத்துத் தருகிறேன்" என்று காசு கேட்கும் முகவர்களை நம்பவேண்டாம். என் அக்கா ஒருவரிடம் மூன்று லட்சம் கொடுத்தா. இரண்டு வருடம் தொலைபேசி எடுத்துக் களைத்து, கடைசியில் தானே படிவம் நிரப்பிக் கொடுத்தா. கிடைத்தது. முகவர் காசு திரும்பவில்லை. வரிசையில் நின்று நீங்களே கொடுங்கள்.

நீர்வேலி வாழை:
எனக்கு ஒரு சின்ன விசயம். நான் சுவிஸ் பிரசை, மனைவி இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். எனக்கும் இந்த வைப்பு எல்லாம் வேண்டுமா?

பனங்கூடல்:
வேண்டாம் தம்பி. இலங்கையர் ஒருவரின் துணைக்கென்று தனி வதிவிட விசா இருக்கிறது. கலியாணப் பதிவைப் புதுப்பிரதி எடுத்து வையுங்கள். அங்கே தங்கச்சியின் கடவுச்சீட்டுத்தான் உங்களுக்குத் திறப்பு, அதைக் காலாவதியாக விடாதீர்கள்.

கொக்குவில் மருமகன்:
எல்லோருக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக நானும் மனைவியும் இந்த இழையை முதலில் இருந்து இருமுறை வாசித்தோம். முடிவு இதுதான். இப்போதைக்கு ஓய்வு விசாவுக்கு இருவருக்குமாக வைப்புப் போடுகிறோம். இந்த வருடம் நோர்வேக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் அங்கே நிற்போம், உறுப்புரிமை கையில் இருக்கும். அவளின் கண் பரிசோதனையும் அங்கே முடிக்கலாம். அடுத்த வருடம் சித்திரையில் வந்து கார்த்திகை மழை முடியும் வரை இருப்போம், வெயிலும் மழையும் அவளே பார்க்கட்டும். அந்தக் காலத்தில் குடியுரிமைக்குக் கொடுப்போம். மலேசியா பற்றி மச்சானிடம் நன்றி சொல்லி முடித்துவிட்டேன்.

வல்லை வெளி அக்கா, பிள்ளைகளோடு நேற்றுக் கதைத்தோம். மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பா, எனக்கும் அந்த வீட்டில் ஒரு அறை வையுங்கோ" என்றாள்.

தோம்புக்காரி தங்கச்சி, உறுதி இலக்கம் தெளிவாக இருக்கிறது. நொத்தாரிசின் பெயரில் முதல் மூன்று எழுத்து கறையானோடு போய்விட்டது. அதை வைத்துத் தேட முடியுமா?

தோம்புக்காரி:
முடியும் ஐயா. உறுதியின் பின்பக்கத்தில் பதிவகத்தின் முத்திரையும் அதற்குள் கையால் எழுதின தொகுதி, பக்க இலக்கமும் இருக்கும். அது இருந்தால் நொத்தாரிசின் பெயர் இல்லாமலே எடுத்துவிடலாம். வெளிச்சத்துக்குப் பிடித்து வாசியுங்கள், மை மங்கியிருக்கும். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு முன்னமே போய் நில்லுங்கள், அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். உறுதி அவவின் பெயரில்தானே இருக்கிறது.